ஆறு மேப்பிள்களும் ஒரு நோயின் பெயரும்

போன மாதம் என் கைபேசிக்கு ஐந்து புகைப்படங்கள் வந்தன. அனுப்பியவர், நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தோட்டப் பிரிவில் சேர்ந்தவர். இப்போது அதையும் விட்டுவிட்டு, கண்ணாடிக் கட்டடங்களுக்குள் செடி வைத்துப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். படத்தில் தொட்டியில் வளர்ந்த ஜப்பான் மேப்பிள் ஒன்று. இலைகள் பச்சை மாறாமலே ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டிருந்தன. "சார், முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்துச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கீழே எழுதியிருந்தார்.

ஐந்து படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்திலும் இலைதான். ஒன்றில்கூட மண் இல்லை, தண்டின் அடி இல்லை, தொட்டியின் அடிப்பாகமும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வயதில் கோபம் வந்தால் அன்றைய தூக்கமும் அதோடு போய்விடுகிறது. அவரைக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினேன். பொறுமையாகத்தான் கேட்டார். "இதையெல்லாம் எழுதிக் குடுத்துடுங்க சார், எங்க ஆளுங்க பதினெட்டு பேருக்கும் அனுப்பி வைக்கறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். மருந்தின் பெயர் மட்டும் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் அது கிடையாது.

கோயம்புத்தூரில் ஆறு வருடம் விவசாயம் படித்தவன் நான். அதில் கடைசி இரண்டு வருடம் பயிர் நோயியல். பூஞ்சைகளின் லத்தீன் பெயர்களை எழுதி எழுதி மனப்பாடம் செய்ததையும், அழுகிய தக்காளிகளை முகர்ந்து பார்த்ததையும் தவிர அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுபதுகளின் நடுவில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் தோட்டக்கலை உதவியாளர் வேலை கிடைத்தது. இயந்திரம் செய்கிற இடத்தில் செடிக்கு வைத்தியம் படித்தவனுக்கு என்ன வேலை என்று என் மாமனார் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, தொழிற்சாலை என்பது கூரைக்கு அடியில் இருப்பது மட்டுமல்ல என்று. பதினொரு புல்வெளிகள், ரோஜாத் தோட்டம், விருந்தினர் மாளிகையின் காய்கறிப் பாத்திகள், குடியிருப்புச் சாலைகளின் இருபக்கமும் மரங்கள். முதல் வாரத்திலேயே சாலையோர மரங்களை எண்ணினேன். ஆயிரத்து நூற்றுப் பதினாறு. எனக்கு முன்னால் யாரும் எண்ணியிருக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

தோட்டப் பிரிவின் அதிகாரி தேவசகாயம் சார். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் கிறிஸ்தவக் குடும்பம். பூர்வீகம் வேலூர்ப் பக்கம் என்பார். அங்கே தான் இரண்டே முறைதான் போயிருப்பதாகவும் கூடவே சொல்வார். ஒல்லியான மனிதர். சைக்கிளில் வருவதால் கால்சட்டையின் வலது காலில் எப்போதும் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். அலுவலகத்துக்குள்ளும் அதைக் கழற்ற மறந்துவிடுவார். அவருடைய தமிழில் தெலுங்கும் தக்கனி உருதுவும் கலந்திருக்கும். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அவருக்குக் 'கோயம்புத்தூரு'.

அவர் ஒரு நோய்ப்பட்ட செடியைப் பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் அந்தச் செடியின் பக்கமே போகமாட்டார். அதற்கு அக்கம்பக்கத்தில் நன்றாக இருக்கும் செடிகளிடம் போவார். "சீக்காளிய எல்லாரும்தான் பாக்கறாங்க. பக்கத்துல சொகமா நிக்கறவன்கிட்ட மொதல்ல விசாரி" என்பார். பிறகு தண்ணீர் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டு இரண்டு கேள்விகள் கேட்பார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தது? அதற்குப் பிறகு இங்கே என்ன மாறியது? அதற்கப்புறம்தான் செடியைத் தொடுவார். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கனம் பார்ப்பார். மண்ணுக்குள் விரலை விட்டு எடுத்து முகர்வார். கட்டைவிரல் நகத்தால் தண்டின் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஓர் உருதுச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்ப்பார். அவருக்கு உருது பேச வருமே தவிர படிக்க வராது. "படிக்கத் தெரிஞ்ச பேப்பர விரிச்சா கண்ணு நியூஸுக்குப் போயிடும்" என்பார்.

வேரைப் பார்க்கும்வரை நோயின் பெயரை அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. நான் எதையாவது சொன்னால் தக்கனியில் "நக்கோ", அதாவது வேண்டாம், என்று கையைக் காட்டுவார். "பேரு வெச்சுட்டா அப்புறம் புள்ளைய மாத்த முடியாது, கோயம்புத்தூரு."

மேப்பிள்கள் எங்களிடம் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். ஒரு ஜப்பானிய நிறுவனத்துடன் தொழில்நுட்ப ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. அங்கே போய் வந்த எங்கள் தலைவருக்கு அந்த மரத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. டார்ஜிலிங் மலைப்பக்கத்து நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து மரப்பெட்டிகளில் பாசி சுற்றி எட்டு மரங்கள் ரயிலேறி வந்தன. இரண்டு வழியிலேயே போய்விட்டன. மிச்சம் ஆறு.

"இந்த ஊரு வெயில்ல இதுங்க நிக்காது" என்று தேவசகாயம் சார் குறிப்பு எழுதி அனுப்பினார். அது மேலே போனது, திரும்பி வரவில்லை. அதன்பிறகு அந்த மரங்களை அவரைவிட அக்கறையாக யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. மேப்பிளுக்குக் குளிர்காலம் வேண்டும். இலை உதிர்த்துக் குளிரில் தூங்கி எழுந்தால்தான் அடுத்த வருடம் ஒழுங்காகத் துளிர்க்கும். ஹைதராபாத்தின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது. அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் இலை உதிர்ந்த ஆறு தொட்டிகளையும் கேன்டீனின் குளிர்சாதன அறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். கேன்டீன் மேற்பார்வையாளர் கேலி செய்யாமல் விடமாட்டார். "தேவசகாயம் சார், உங்க ஆளுங்க ஆறு பேரும் ஒண்ணும் சாப்பிடாம படுத்தே கெடக்கறாங்க. டோக்கன் குடுக்கட்டுமா?" என்பார். பிப்ரவரியில் வெளியே எடுத்து நிழல்வலைக்கு அடியில் வைத்தால் சில நாளில் துளிர் விடும். குழந்தையின் விரித்த கை போன்ற இலை. பெரும்பாலும் ஏழு விரல். எண்ணினால் இருபதில் இரண்டு மூன்று இலைக்கு ஐந்து விரல்தான் இருக்கும்.

இந்த எண்ணிக்கையை வைத்து என்னைக் கேலி செய்கிறவர் லூர்தம்மா. "சின்ன சார் எண்ணாம விட்டது என் தலமுடி ஒண்ணுதான். அதுவும் கொட்டிக்கிட்டே இருக்கறதால கணக்கு நிக்காது" என்பார். மேப்பிள்களுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டது அவர்தான். செகந்திராபாத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கியவர், மூட்டை சரிந்து இறந்துபோனார். இரண்டு பெண் பிள்ளைகள். லூர்தம்மா எங்களிடம் எட்டு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. பொதுத்துறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். சில மாதம் வேலை, தொடர்ச்சி ஏற்பட்டுவிடக் கூடாது என்று நடுவில் சில நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். மருத்துவ வசதி இல்லை, குடியிருப்பு இல்லை. நிரந்தரம் ஆகிவிட்டால் எல்லாம் உண்டு.

நான் சொல்ல வந்த வருடத்தில் தோட்டப் பிரிவுக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் அனுமதியாகியிருந்தது. பட்டியலில் முதல் பெயர் லூர்தம்மாவுடையது. மார்ச் கடைசியில் பட்டியல் டெல்லிக்குப் போக வேண்டும். அதற்கப்புறம் ஆள் எடுக்கத் தடை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதே மார்ச்சில் ஜப்பானிய நிறுவனத்தின் தலைவர் எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். எங்கள் இடங்களில் பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால் முதலில் கட்டடப் பிரிவின் பெயின்டர்கள்தான் வருவார்கள். மரங்களின் அடிக்குச் சுண்ணாம்பு, அதன்மேல் ஒரு காவிப் பட்டை. பாதையோரக் கல்லுக்கு ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளை. பூந்தொட்டிகளுக்கு ரெட் ஆக்சைடு. ஒரு முறை விருந்தினர் மாளிகைச் சுவர்மேல் வைத்திருந்த பூசணிக்காய்க்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். இந்த முறை வரவேற்பு மண்டபத்தில் புதிதாகக் கம்பளமும் விரித்திருந்தார்கள். ஆறு மேப்பிள்களில் நான்கு மண்டபத்துக்குள் கம்பளத்தின் மேல், இரண்டு வெளியே முகப்பில் என்று முடிவாயிற்று. கட்டடப் பிரிவினரே வந்து தொட்டிகளை எடுத்துப்போய், பெயின்ட் அடித்து, தேக்குப் பெட்டிகளுக்குள் இறக்கி வைத்தார்கள். மண்டபம் பாதுகாப்புப் பிரிவின் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. தண்ணீர் ஊற்றுவதற்காக லூர்தம்மா ஒருவருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். எங்களுக்குக்கூட இல்லை.

வருகை நல்லபடியாக நடந்தது. ஜப்பானியத் தலைவர் ஒரு மேப்பிளின் முன்னால் நின்று இலையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாராம். எங்கள் தலைவர் அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முடிவதற்குள் மண்டபத்தில் ஒரு மரம் வாடியது. மறுநாள் இன்னொன்று.

மண்டபத்துக்குள் எங்களை அழைத்துப் போனார்கள். முதல் மரத்தில் ஒரு பக்கம் மட்டும் தொங்கியிருந்தது. ஒரு பக்கமாக வாடினால் வாடல் பூஞ்சையைச் சந்தேகி என்பது பாடம். தொங்கிய கிளையிலிருந்து ஒரு குச்சியை வெட்டிப் பார்த்தேன். கட்டைக்குள் மங்கலாக ஒரு பழுப்புக் கோடு. அந்த நோயைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

"சார், வாடல் நோய்ங்க. வெர்ட்டிசீலியம்."

"நக்கோ" என்றார் தேவசகாயம் சார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே முகப்புக்குப் போய், வெளியே நின்ற இரண்டு மரங்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இரண்டும் வெயில் காற்றிலும் நிமிர்ந்து நின்றன. திரும்பி வந்து லூர்தம்மாவைக் கூப்பிட்டார். அவர் கண் வீங்கியிருந்தது.

"எப்பம்மா கடைசியா நல்லா இருந்துச்சு?"

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து பாத்தேன் சார். சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு."

"தண்ணி?"

"எப்பவும் ஊத்தறதுதான். காலைல ரெண்டு மக்கு, சாயந்தரம் ஒண்ணு. வாடுதேன்னு நேத்து இன்னும் ரெண்டு சேத்து ஊத்தினேன்."

"வெளிய ரெண்டு தொட்டிக்கும் அதே அளவுதானா?"

"அதே மக்கு, அதே தண்ணி சார்."

"சரி, இங்க என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறல சார்." கொஞ்சம் யோசித்தார். "இதுங்கதான் இப்ப நல்லா குடிக்குதுங்க. முன்னெல்லாம் நிழல்வலைல ஊத்தினா கீழ வடிஞ்சு தரையெல்லாம் ஈரமாயிடும். பெரியவரு வர்றதுக்கு முந்தியிருந்தே ஒரு சொட்டு கீழ வர்றதில்ல. அவ்வளவையும் மரமே குடிச்சிடுது."

தேவசகாயம் சார் நேராக முதல் மரத்தின் தொட்டியிடம் போனார். "கோயம்புத்தூரு, அந்தப் பக்கம் பிடி" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து தொட்டியைத் தேக்குப் பெட்டியிலிருந்து தூக்கினோம். தூக்கவே முடியவில்லை, அவ்வளவு கனம். முகப்புக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தோம். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய வேண்டிய துளை இருந்த இடத்தில் வட்டமாக சிமென்ட் பூசி, அதன்மேல் அழகாக ரெட் ஆக்சைடும் அடித்திருந்தது.

உருதுத் தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தபோது சாக்கடை நாற்றம் அடித்தது. மண் கஞ்சியாக வந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வேரின் தோல் உறை மாதிரிக் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மட்டும் நின்றது. வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டி வேர் செத்துப்போகும். செத்த வேரால் தண்ணீரை மேலே ஏற்ற முடியாது. அதனால் இலை, தாகத்தில் வாடுகிற இலையைப் போலவே வாடும். பார்க்கிறவர் பாவம் என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார். தொட்டிச் செடிகளில் திடீர் வாடலுக்குப் பாதிக்குமேல் காரணம் இதுதான். இலையை மட்டும் பார்த்து மருந்து கேட்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

மண்டபத்தில் மிச்சமிருந்த இரண்டு தொட்டிகளையும் உடனே வெளியே எடுத்துத் துளைகளை உளியால் திறந்தோம். ஒன்றிலிருந்து கறுத்த தண்ணீர் பீய்ச்சி அடித்து என் சட்டையெல்லாம் ஆயிற்று. இரண்டும் பிழைத்துக்கொள்ளும் போலிருந்தது. ஆக முகப்பில் இரண்டு, மண்டபத்தில் இரண்டு, உயிரோடு நான்கு. சிமென்ட் பூசிய கொத்தனாரைக் கேட்டோம். கம்பளம் கறையாகிவிடும் என்று நிர்வாக அதிகாரி வாயால் சொன்னதாகச் சொன்னார்.

நான் பார்த்த பழுப்புக் கோடு மட்டும் என்னை விடவில்லை. "உன் பூஞ்சை இருக்கா இல்லையான்னு முழுசா பாத்துடு. அரையும் கொறையுமா மனசுல வெச்சுக்காத" என்றார் தேவசகாயம் சார். பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதற்காக வீட்டுப் பிரஷர் குக்கரில் உருளைக்கிழங்குச் சாறும் அகரும் காய்ச்சினேன். குக்கரில் மூன்று நாள் வாடை போகவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். தொழிற்சாலை ஆய்வகத்தில் வாங்கிய பன்னிரண்டு கண்ணாடித் தட்டுகளில், கிருமி நீக்கிய குச்சித் துண்டுகளை வைத்துக் காத்திருந்தேன். இரண்டில் சாதாரணப் பூசணம் வந்தது. பத்தில் ஒன்றுமே வரவில்லை. வாடல் பூஞ்சை எதிலும் இல்லை. மூச்சு முட்டிச் செத்த கட்டையிலும் அப்படி ஒரு கோடு விழும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இதற்குள் தலைவரின் அறையிலிருந்து கேள்வி வந்துவிட்டது. இரண்டு மரங்கள் எப்படிச் செத்தன, பார்த்துக்கொண்டது யார்? பாதுகாப்புப் பிரிவு பதில் கொடுத்தது: மண்டபத்துக்குள் செடிக்காகப் போய்வந்தவர் தற்காலிகத் தொழிலாளி லூர்தம்மா ஒருவர்தான். காரணம் என்ன என்று எங்கள் பிரிவு எழுதித் தர வேண்டும்.

நிர்வாக அதிகாரி கோபாலன் தோட்டப் பிரிவின் கொட்டகைக்கே வந்தார். அதற்கு முன்னால் அவர் அங்கே வந்ததில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான்தான் சொன்னேன், தேவசகாயம். அந்தக் கார்பெட் வாங்கினதுக்கே மேல கேள்வி இருக்கு. கறையும் ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். செடிக்கு அது மூக்குன்னு எனக்குத் தெரியாது."

தேவசகாயம் சார் நாற்காலியை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க உள்ளத எழுதுங்க, நான் ஒத்துக்கறேன். மறைக்கச் சொல்லி வரல. ஆனா ஒத்துக்கிட்டா விசாரணை வெப்பாங்க. அதுல அந்த அம்மா பேரும் வரும். விசாரணைல பேரு இருக்கறவங்கள நிரந்தரப் பட்டியல்ல அனுப்ப முடியாது. விதி அப்படி. குற்றம் இல்லேன்னு முடியறதுக்கு ஆறு மாசம் ஆகும். பட்டியல் வெள்ளிக்கிழமை போகுது."

"நோய்னு எழுதினா?"

"அன்னிக்கே ஃபைல மூடிடலாம். நோய்க்கு யாரும் பொறுப்பில்ல."

நான் குறுக்கே புகுந்தேன். "வேரழுகல்னு எழுதலாங்க சார். அது பொய்யில்லீங்களே."

"வேரழுகல்னா தண்ணி. தண்ணின்னா லூர்தம்மா" என்றார் தேவசகாயம் சார். "அடுத்த கேள்வியே அதுதான் வரும்."

யாருடைய கவனிப்பிலும் குறை சொல்ல முடியாத, தானாக வந்து தானாகக் கொல்கிற நோய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்றைக்கு நான் வாய் விட்டுச் சொன்ன அதே பெயர். ஆனால் அதை எழுதினால் இன்னொன்றும் செய்தாக வேண்டும். சில வருடம் முன்னால் ரோஜாத் தோட்டத்தில் வாடல் நோய் வந்து பாத்தி பாத்தியாகப் போனபோது தேவசகாயம் சாரே ஒரு விதி எழுதித் தலைவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். வாடல் நோய் கண்ட செடியையும், அதனுடன் இருந்த அதே இனச் செடிகள் அனைத்தையும், பாதுகாப்புப் பிரிவின் முன்னிலையில் மண்ணோடு எரிக்க வேண்டும்.

அதை நான்தான் சொன்னேன். கோபாலன் முகம் மாறிவிட்டது.

"மத்த நாலும் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குங்க சார்" என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "பன்னெண்டு தட்டுலயும் அந்தப் பூஞ்சை வரலீங்க. இல்லாத நோய எப்படிங்க எழுதறது? இன்னும் ஒரே வாரத்துல மண்டபத்துல இருந்த ரெண்டும் நிமிந்துடும்."

தேவசகாயம் சார் என்னை விட்டுவிட்டுக் கோபாலனைக் கேட்டார். "தடை வந்தா, அடுத்த எடம் எப்ப வரும்?"

"வராது."

"எப்பவுமா?"

"அந்த அம்மா வயசுக்குள்ள வராது."

தேவசகாயம் சார் மேசை மேலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார். "கோயம்புத்தூரு, அந்தப் பூஞ்சை பேர எழுத்து எழுத்தா சொல்லு. தப்பில்லாம எழுதணும்" என்றார்.

சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்? நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவர் நிதானமாக எழுதினார். எழுதி முடித்து மை உலரும்வரை தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

பாய்லர் கூடத்துக்குப் பின்னால் குப்பை எரிக்கும் குழி இருந்தது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து நின்றார். கோபாலனும் வந்து தூரத்தில் வேப்ப மரத்தடியில் நின்றார். அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. செத்த இரண்டை முதலில் போட்டோம். மற்ற நான்கையும் லூர்தம்மா தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். நான்கிலும் துளிர் நிமிர்ந்தே இருந்தது. கறுப்புத் தண்ணீர் பீய்ச்சிய தொட்டியில்கூட நுனியில் இரண்டு புது இலைகள் விரிந்திருந்தன. இரண்டும் ஏழு விரல்.

"பெரிய சார், இது நாலும் நல்லாத்தானே இருக்கு?" என்றார் லூர்தம்மா.

"நோய் உள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது."

"கண்ணுக்கே தெரியாதா சார்?"

"தெரியாது."

லூர்தம்மா வண்டியின் பக்கம் திரும்பினார். தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். தேவசகாயம் சாரே வாங்கி வாங்கிக் குழிக்குள் இறக்கினார். பச்சை மரம் என்பதால் சீக்கிரம் பற்றவில்லை. புகைதான் நிறைய வந்தது.

பட்டியல் வெள்ளிக்கிழமை போயிற்று. இரண்டு மாதத்தில் லூர்தம்மாவுக்கு நியமன உத்தரவு வந்தது. ஒரு வருடம் சோதனைக் காலம், அதற்குப் பிறகு உறுதி செய்வார்கள். சீருடைப் புடவையும் சோப்பும் துண்டும் ஸ்டோரில் வாங்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்து எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். அடுத்த நாள் காலையில் ஒரு வாளி பினாயில் தண்ணீரோடு ரோஜாத் தோட்டத்தில் நின்றார். ஒரு பாத்தியில் வேலை முடித்ததும் இரண்டு கையையும் முழங்கைவரை அதில் முக்கினார். அடுத்த பாத்தி முடிந்ததும் மறுபடி முக்கினார்.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டேன்.

"என் கையாலதான சார் ஒண்ணுலயிருந்து ஒண்ணுக்குப் போயிருக்கும்? ஆறும் போச்சே. ரோஜாவும் போயிடக் கூடாது."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை முறை முக்குகிறார் என்று எண்ணத் தொடங்கி, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். நான் எண்ணாமல் விட்டவை மிகக் கொஞ்சம். மழைக்காலம் முடிவதற்குள் அவர் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. தேவசகாயம் சார் தேங்காய் எண்ணெய் வாங்கிக் கொடுத்தார். பினாயில் தேவையில்லை என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார்.

"நோய் கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்றார் லூர்தம்மா.

லூர்தம்மாவிடம் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சோதனைக் காலத்தில் இருக்கிறவர். ஒரு வார்த்தை வெளியே போனால் வேலையே போய்விடும். லூர்தம்மா ரகசியம் காக்கத் தெரியாதவர் அல்ல; ஆனால் தெரிந்த ஒன்றை யாராவது நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்ல வராதவர். அதனால் பேசாமல் இருந்தோம். அந்த வருடம் முழுவதும் தேவசகாயம் சார் ரோஜாத் தோட்டத்தின் வழியாகச் சைக்கிளில் வருவதில்லை. சுற்றிக்கொண்டு கேன்டீன் பக்கமாக வருவார்.

லூர்தம்மாவை உறுதி செய்யும் உத்தரவு வந்த அன்றைக்கே அவரைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும் இருக்கச் சொன்னார். லூர்தம்மா வந்து கதவோரம் நின்றார்.

"உக்காரும்மா."

"நக்கோ சார், நிக்கறேன்."

"உக்காரு."

உட்கார்ந்தார். தேவசகாயம் சார் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சிமென்ட், கம்பளம், விசாரணை, பட்டியல், பன்னிரண்டு தட்டுகள். எதையும் மெழுகவில்லை. லூர்தம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நோயே இல்லையா சார்?"

"இல்ல."

"அந்த நாலும்?"

"நல்லா இருந்துச்சு."

"எனக்காகவா எரிச்சீங்க?"

"ஹவ்" என்றார் தேவசகாயம் சார். ஆமாம் என்று தமிழில் சொல்ல அவருக்கு வரவில்லை.

லூர்தம்மா விரல் இடுக்கின் வெடிப்புகளைத் தடவிப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. அவருக்குக் கோபம் வந்திருந்தது என்பது பேசத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

"எனக்கு வேலை வேணும் சார். இல்லேன்னு சொல்லல. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே என் கையால போட்டிருப்பேன். நாலு என்ன, நாப்பது இருந்தாலும் போட்டிருப்பேன். ஆனா தெரிஞ்சு போட்டிருப்பேன்."

எழுந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "ரெண்டு பொண்ணுங்களும் படிக்குதுங்க சார். அது உங்களாலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ரோஜாத் தோட்டத்தின் ஓரத்தில் அவருடைய வாளி இருந்தது. அதை எடுத்து அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார். வாளியைக் குழாயடியில் இரண்டு முறை அலம்பி வெயிலில் கவிழ்த்து வைத்தார். பிறகு கை கழுவாமல் பாத்திக்குள் இறங்கி மண்ணைக் கிளற ஆரம்பித்தார்.